எட்டு நாள் பேட்டா

மும்பை மேனேஜரின் குரல் செய்தி
மொத்தம் பதினொரு விநாடி.
அதில் இருமல் நான்கு.
“கேட் பாஸ், நெக்ஸ்ட் ஃப்ரைடே.”

அன்று புதன்கிழமை.
மணலி யார்டில் முந்தின நாள் மழை
எண்ணெய்ப் படலத்தோடு வடியாமல் கிடந்தது.
நாளைக்கு மறுநாள் வருகிற வெள்ளியா,
அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கிற வெள்ளியா?
நான் கேட்கவில்லை.
கேட்டால் இங்கிலீஷ் தெரியாதவள் ஆகிவிடுவேன் என்று
பன்னிரண்டு வருஷமாகக் கேட்காமல் விட்டவற்றை அடுக்கினால்
ஒரு நாற்பதடிப் பெட்டி நிரம்பும்,
சீல் வைத்து அனுப்பலாம்.

வருகிற வெள்ளி என்றே எழுதினேன்.
லாரி வந்தது.
பெட்டி அசையவில்லை.
அவருடைய நெக்ஸ்ட்
என்னுடையதற்கு ஒரு வாரம் அப்பால் இருந்தது.

திரும்பிப் போனால் டீசல் யார் தருவது என்று
எண்ணூர் நெடுஞ்சாலை ஓரமே தங்கிவிட்டார் துரைக்கண்ணு.
டயருக்கும் டயருக்கும் நடுவே ஸ்டவ்.
உப்புக் காற்றில் காயவே காயாத லுங்கி.
பெட்டிக் கதவில் தினம் ஒரு சாக்பீஸ் கோடு.

அக்கவுண்ட்ஸ் ஏழு நாள் பேட்டா போட்டது.
வெள்ளியிலிருந்து வெள்ளியைக் கழித்தால்
ஏழுதான் என்கிறது எக்ஸெல்.
“வந்த நாளு நாளில்லியாம்மா?
போற நாளு மட்டும் வவுறு பசிக்காதா?
வெள்ளிக்கு வெள்ளி எட்டு.
எங்க ஆயா எண்ணினாலும் எட்டு,
எமன் எண்ணினாலும் எட்டு.”
போய்ப் பார்த்தேன். கோடுகள் எட்டுதான்.
கடைசிக் கோடு மற்றவற்றைவிடக் கொஞ்சம் அழுத்தமாக.

மொழியை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.
கிரேன் ஓட்டும் மஹபூப் பாட்சா
“வெள்ளி ராவு வர மாட்டேன், வீட்டுல மௌலூது” என்றார்.
சுத்தமான தமிழ். வெள்ளி இரவில் அவர் பேரை அடித்தேன்.
வியாழன் இரவு கிரேன் கொக்கு மாதிரி நின்றது.
அவர் வீட்டில் சூரியன் இறங்கியதுமே
மறுநாள் பிறந்துவிடுகிறது.
எனக்குப் பால் பாக்கெட் வந்தால்தான் மறுநாள்.

இன்னொன்றும் இருக்கிறது:
பூச்சிமருந்து ரிப்போர்ட்டை பைவீக்லி அனுப்பச் சொன்னார்கள்.
வாரத்துக்கு இரண்டா, இரண்டு வாரத்துக்கு ஒன்றா?
இரண்டு விதமாகவும் அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
யாரும் திறப்பதில்லை.

வெள்ளி மாலை நான்கு மணிக்கே
“ஹேப்பி வீக்கெண்ட்” வந்து விழுகிறது,
கூடவே ஒரு பனைமரப் படம்.
என் நாத்தனார் எஸ்கலினுக்கு வீக்கெண்ட்
சனி நள்ளிரவில் ஐஸ் உடைக்கிற சத்தத்தில் ஆரம்பிக்கும்.
ஞாயிறு விடியுமுன் காசிமேட்டில்
கார் நிறுத்த இடமிருக்காது,
வஞ்சிரத்துக்கு வாய் ஓயாது.
திங்கள் மதியம் செதிலோடு தூங்குவாள்.
அவளுக்கு ஹேப்பி என்று எந்தக் கிழமையில் சொல்ல?

எட்டாவது நாளின் முந்நூறை
என் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன்.
துரைக்கண்ணு தொடவில்லை.
“கம்பெனி தரட்டும்மா.
நெக்ஸ்ட் ஃப்ரைடே தரட்டும்” என்று
சிரித்தபடி கியர் போட்டார்.
சாக்பீஸ் கோடுகளோடு பெட்டி
ரவுண்டானா திரும்பியது.

ஆறரைக்கு மகள் கூப்பிட்டாள்.
“எப்பம்மா வருவ?”
“இதோ, வந்துட்டேன்.”

கம்ப்யூட்டர் அணையவில்லை.
செருப்பு மேஜைக்கடியில் எங்கேயோ.
சாத்தாங்காடு வரை பெட்டி லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்து நிற்கின்றன.
தண்டையார்பேட்டை போய்ச் சேர
ஒன்றேகால் மணி நேரம்.

“சரி” என்றாள்.
போனை அவள் வைக்குமுன்
அரிசி களைகிற சத்தம் கேட்டது.